ஊசி வந்தது; பயிற்சி எங்கே?

2019-ம் ஆண்டு செப்டம்பர் 11-ம் நாள், மதுரா நகரிலே பிரதமர் நரேந்திர மோடி ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் என்பது அதன் பெயர். கோமாரியையும், மாடுகளின் கருவைக் கலைக்கும் புருசெல்லா நோயையும் 2025-க்குள் கட்டுக்குள் கொண்டுவருவது, 2030-க்குள் நாட்டைவிட்டே ஓட்டுவது என்று கெடு குறித்தார்கள். அதற்கு முன்னதாக, மே மாத இறுதியிலே, 13,343 கோடி ரூபாய்க்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்திருந்தது. ஊசி மருந்துக்கான முழுச் செலவும் மத்திய சர்க்காருடையது என்றார்கள். நல்ல காரியம். அதை நாம் குறை கூறப் போவதில்லை. எந்தக் கட்சியின் சர்க்கார் செய்தாலும் மாட்டுக்குப் போடும் ஊசி மாட்டைக் காக்கத்தான் செய்யும்.

ஆனால், ஊசி மட்டுமே மாட்டைக் காத்துவிடுமா என்று கேட்கிறோம். கெடு ஆண்டைக் காகிதத்திலே குறிப்பது எளிது. 2030 நெடுந்தொலைவிலும் இல்லை. ஊசி மருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. அதைப் போடுகிற கை யாருடையது? ஊசிக்கு அடங்காத நோய், ஊசியே இல்லாத நோய், இதுவரை யாரும் பார்த்திராத நோய் ஒரு கட்டுத்தரையிலே தலைகாட்டும்போது, ‘இது வேறு; இது பரவும்; இன்றே தடுக்க வேண்டும்’ என்று சொல்லும் கண் யாருடையது? கால்நடை டாக்டருடையது. அந்தக் கைக்கும் கண்ணுக்கும் நாம் தந்திருக்கும் பயிற்சி என்ன? இதைத்தான் கொங்கு நாட்டு மக்கள் சார்பிலே இன்று கேட்க விரும்புகிறோம்.

கொங்கு நாட்டை ஏன் குறிப்பிடுகிறோம்? தமிழ்நாடு முழுவதிலும் கால்நடை உண்டு. 2019-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்திலே 95 லட்சம் மாடுகள், 5 லட்சம் எருமைகள், 45 லட்சம் செம்மறிகள், 98 லட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளாடுகள், 12 கோடிக் கோழிகள். கோழியிலே இந்திய மாநிலங்களுக்குள் முதலிடம் நமக்கு. அந்தக் கோழிச் செல்வத்தின் பெரும்பகுதி எங்கே இருக்கிறது? முட்டைக் கோழி நாமக்கல்லிலே, கறிக்கோழி பல்லடத்திலே. காங்கயம் காளை பிறந்து வளர்வது வேலியடைத்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலே. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் போன்றவர்கள் பேணி வளர்த்த இனம் அது. மயிலையும் காரியும் செவலையும் மறைந்தால், எந்த நாட்டிலிருந்தும் விலைக்கு வாங்கி வர முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. கொங்கு நாடு கால்நடையின் வீடு மட்டுமல்ல, கால்நடையின் நெடுஞ்சாலை. பொள்ளாச்சிச் சந்தை, புஞ்சைப் புளியம்பட்டிச் சந்தை, ஈரோடு கருங்கல்பாளையம் சந்தை, ஆடி மாதத்து அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழாச் சந்தை, சித்திரை மாதத்துக் கண்ணபுரம் சந்தை — எங்கெங்கோ பிறந்த மாடுகள் ஒரே இடத்திலே மூச்சுவிட்டு, ஒரே தொட்டியிலே தண்ணீர் குடித்து, மாலைக்குள் நாலா திசைக்கும் லாரி ஏறுகின்றன. வாளையாறு தாண்டினால் கேரளம். திம்பம் மலை ஏறினால் கருநாடகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டுமா வருகிறது? 2021 ஜனவரியிலே ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வாத்துகள் பறவைக் காய்ச்சலால் செத்தபோது, நமது எல்லைச் சாவடிகளிலே வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிக்க வேண்டி வந்ததே!

2006-ம் ஆண்டை நாமக்கல் மறந்திருக்காது. நோய் கண்ட இடம் மராட்டிய மாநிலத்து நவாப்பூர். நாமக்கல்லிலே ஒரு கோழிக்கும் அந்த நோய் இல்லை. ஆனாலும் முட்டை விலை சரிந்தது, பண்ணையாளர் கையைப் பிசைந்தனர், தீவனக் கடனும் வங்கிக் கடனும் கழுத்தை நெரித்தன. ஆயிரம் மைல் அப்பாலுள்ள நோயே இந்த அடி அடிக்குமானால், நோய் நம் வாசலிலேயே வந்துவிட்டால்? இதனால்தான், கொங்கு நாட்டிலே கால்நடை டாக்டரின் திறமை என்பது ஏதோ ஒரு இலாகாவின் உள்விவகாரமல்ல. இலட்சக்கணக்கான குடும்பங்களின் சோற்றுப் பிரச்சினை என்று கூறுகிறோம்.

நோயை வெல்ல முடியாது என்று சொல்லுபவர்களுக்கு வெக்கை நோயின் வரலாறு பதில் சொல்லும். மாட்டுக் கூட்டத்தையே வாரிக்கொண்டு போன நோய் அது. கட்டுத்தரை முழுவதும் காலியான கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நோயை எதிர்ப்பதற்காகவே வெள்ளையர் காலத்திலே இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்தில் ஆராய்ச்சிக்கூடம் வளர்ந்தது. ஆட்டின் உடலிலே செலுத்தி வலுவிழக்கச் செய்த கிருமியைக் கொண்டு எட்வர்ட்ஸ் என்பவர் அங்கே தடுப்பூசி கண்டார். நமது இராணிப்பேட்டை நிலையம் 1932-ல் தொடங்கப்பட்டதும் வெக்கையை எதிர்க்கும் மருந்துக்காகத்தான். 1954-ல் தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது. மாநில எல்லைகளிலே சாவடி போட்டு ஊசி போட்டார்கள். கோடிக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ஆங்காங்கே ஒளிந்துகொண்டே இருந்தது.

பிறகு எப்படி ஒழிந்தது? இங்கேதான் பாடம் இருக்கிறது. 1990-களில் வேலைமுறையை மாற்றினார்கள். ஊசிக் கணக்கை மட்டும் பார்ப்பதை விட்டு, ஊர் ஊராகப் போய் நோயைத் தேடத் தொடங்கினார்கள். ‘இந்த ஊரிலே வாய்ப்புண், கண்ணீர், கழிச்சல் மூன்றும் சேர்ந்து கண்ட மாடு உண்டா?’ என்று வீட்டு வாசலிலே விசாரித்தார்கள். இந்தியாவின் கடைசி வெக்கை 1995-ல் கண்டது நமது தமிழ்நாட்டிலே, வட ஆர்க்காட்டுப் பக்கம். அதன் பின்னே துணிந்து ஊசியையே நிறுத்தினார்கள். ஏன்? ஊசி போட்ட மாட்டின் இரத்தமும், நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தமும் சோதனையிலே ஒன்றுபோலவே தெரியும். ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் போய்விட்டதா, ஒளிந்திருக்கிறதா என்று அறியவே வழியில்லை. எனவே ஊசியை நிறுத்தி, கண்ணைத் திறந்து காவல் இருந்தார்கள். 2006-ல் இந்தியா வெக்கையற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2011-ல் உலகமே வெக்கையற்றதாயிற்று. மனிதனுக்கு வரும் பெரியம்மைக்குப் பிறகு உலகத்தைவிட்டே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது.

ஊசி நோயை மூலைக்குத் துரத்தியது. மூலையிலிருந்து பிடித்து வெளியே எறிந்தது, பயிற்சி பெற்ற கால்நடை ஊழியரின் கால்நடைப் பயணம்! இந்தப் பாடத்தை 2019-ம் ஆண்டுத் திட்டம் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கிறது என்பதே நமது கேள்வி.

அடுத்த பாடம் அண்மையிலே வந்தது. 2019-ல் ஒரிசாவிலே மாடுகளின் தோலில் கட்டி கட்டியாக ஒரு நோய் கண்டது. தோல் கழலை நோய். இந்திய மண்ணுக்குப் புதிது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து நம் கொங்குப் பகுதியையும் தொட்டது. கொசுவும் கடி ஈயும் உண்ணியும் அதைச் சுமந்தன. அவற்றுக்கு மாநில எல்லை ஏது, சோதனைச் சாவடி ஏது? 2022-ல் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் அது தலைவிரித்து ஆடியது. அந்த ஆண்டிலே நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மடிந்தன. அந்த நோய்க்கென்றே நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய ஊசி அறிவிக்கப்பட்டது 2022 ஆகஸ்டிலே. அதாவது, நோய் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து!

அந்த மூன்று ஆண்டுகளும் மாட்டைக் காத்தவை எவை? ஆட்டம்மைக்கான ஊசியை மாட்டுக்குப் போட்டுச் சமாளித்தார்கள். தஞ்சைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி எடுத்துச் சொன்னபடி வெற்றிலையும் மிளகும் உப்பும் வெல்லமும் அரைத்து நாக்கிலே தடவினார்கள். அது மாட்டின் துயரைத் தணிக்கத் துணை நின்றது. ஆனால் நோய் அடுத்த ஊருக்குப் போகாமல் தடுப்பது மருந்தின் வேலையல்லவே! நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்டு, கன்றைத் தள்ளிக் கட்டு, சாணிக்குழியை மூடு, ஈயை விரட்டு, சந்தைக்கு ஓட்டாதே என்று ஒவ்வொரு கட்டுத்தரையிலும் நின்று சொல்லக்கூடிய ஒரு டாக்டர்தான் தடுத்தார் — எங்கே அப்படி ஒருவர் நேரத்துக்கு வந்து நின்றாரோ, அங்கே! நாளை இன்னொரு புது நோய் வரும். பன்றிகளை அழிக்கும் ஆப்பிரிக்கக் காய்ச்சல் 2020-ல் அசாமிலே நுழைந்து, 2022-ல் வயநாட்டுக்கு வந்து, 2023 ஜனவரியிலே முதுமலைக் காட்டுப்பன்றிகளையே வீழ்த்தியது. மேட்டுப்பாளையத்திலிருந்து முதுமலை எவ்வளவு தூரம்?

இனி, கால்நடை டாக்டருக்கு நாம் தந்திருக்கும் படிப்பைப் பார்ப்போம். படிப்பிலே நமக்குக் குறைவில்லை. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி பழம்பெருமை வாய்ந்தது. 1985-ல் நாமக்கல் கல்லூரி வந்தது. 1989-ல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் கண்டோம். 2020-ல் உடுமலைப்பேட்டையிலும், சேலம் தலைவாசலிலும் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஐந்தரை ஆண்டுப் படிப்பிலே தொற்றுநோய்ப் பாடம் உண்டு, தேர்வும் உண்டு. பயிற்சியே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆனால், நீச்சலைப் புத்தகத்திலே படித்தவனும், பவானி ஆற்றிலே குதித்து எழுந்தவனும் ஒன்றாவார்களா?

கல்லூரியிலே கற்பிப்பது பெரும்பாலும் ஒரு மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் கலை. மடிவீக்கத்துக்கு மருந்து, கன்று குறுக்கே விழுந்தால் கைவிட்டு எடுப்பது, எலும்பு முறிந்தால் கட்டுவது — இவையெல்லாம் அரிய கலைகள். ஆனால் கொள்ளைநோய் வரும்போது டாக்டர் பார்க்க வேண்டியது மாட்டையல்ல, ஊரை! இரண்டும் வேறு வேறு வேலை.

கோமாரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்திலே ஒரு மாடு எச்சில் ஒழுக, கால் நொண்டி நிற்கிறது. கிருமி உள்ளே புகுந்து, புண் வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முதல் பதினான்கு நாள் வரை ஆகும். புண் தெரியுமுன்னரே அந்த மாடு பிற மாடுகளுக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே டாக்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘மாட்டுக்கு எப்படி இருக்கிறது?’ என்பதல்ல. ‘சென்ற இரண்டு வாரத்திலே இந்தத் தோட்டத்துக்கு யார் வந்தார், இங்கிருந்து யார் போனார்?’ என்பது. பால்காரர் எந்தெந்த வீட்டுக்குப் போனார்? சினை ஊசி போட வந்தவர் அடுத்து எங்கே போனார்? சந்தையிலே வாங்கி வந்த மாடு எது? வைக்கோல் எந்த ஊரிலிருந்து வந்தது? இந்த விசாரணை ஒரு போலீஸ் அதிகாரியின் துப்புத் துலக்கும் வேலையைப் போன்றது. அதைச் செய்தவரோடு கூடவே போய்ப் பார்த்தால்தான் வரும்.

பிறகு, தன் காலையே அவர் சந்தேகிக்க வேண்டும். ஒரு கட்டுத்தரையிலிருந்து மறு கட்டுத்தரைக்கு நோயை எடுத்துச் செல்வதில் டாக்டரின் செருப்பும் ஒரு வாகனம். நான்கு சதவிகிதச் சலவைச் சோடாக் கரைசல் கோமாரிக் கிருமியைக் கொல்லும், விலை மலிவு, ஆனால் அந்தக் கரைசல் உள்ள வாளி வாசலிலே இருக்க வேண்டும், வழக்கமாக வேண்டும். அப்புறம் கொப்புளத்தின் தோலை எடுத்து, உரிய கரைசலிலே போட்டு, ஐஸ் பெட்டியிலே வைத்து, கெடாமல் அனுப்பத் தெரிய வேண்டும். ஊசி போடுவதென்றால் நோய் கண்ட வீட்டிலிருந்து தொடங்கக் கூடாது. வெளி வட்டத்திலிருந்து உள்ளே நோக்கி வர வேண்டும். தீயை அணைப்பவர் தீயின் முன்னால் ஓடி வெட்டவெளி செய்வது போல!

அடைப்பான் நோயானால் கதையே மாறும். திடீரென்று செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால், கத்தியைத் தொடவே கூடாது. அறுத்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி, அந்த மண்ணிலே பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். காதோரத்து நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் கண்ணாடித் தகட்டிலே, ஆழக் குழி, சுண்ணாம்பு, மூடு. அவ்வளவுதான். ஆனைகட்டி வனப்பகுதியிலே 2021-ல் ஒரு யானை அடைப்பானால் மாண்டது. காட்டோரத்திலே ஆடு மாடு மேய்ப்பவர் நம்மவர். அங்கே தவறாக ஒரு கத்தி வைத்தால், ஆபத்து டாக்டருக்கும் அவரது உதவியாளருக்கும் தோலை உரிக்கும் தொழிலாளிக்கும் அல்லவா?

இத்தனையும் முதல் இரண்டு நாளிலே நடக்க வேண்டியவை. அந்த இரண்டு நாள் தவறினால், பிறகு இரண்டு மாதம் அலைந்தாலும் பயனில்லை. அந்த இரண்டு நாளுக்கு ஒரு டாக்டரை ஆயத்தப்படுத்துவது ஒரு மண்டபத்திலே ஒரு நாள் நடக்கும் சொற்பொழிவா?

உலகம் இதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். 2001-ல் இங்கிலாந்திலே கோமாரி வந்தது. வடக்கே ஒரு பன்றிப் பண்ணையிலே நோய் பல நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அது கசாப்புக்கூடத்திலே கண்டுபிடிக்கப்படுவதற்குள், ஆடுகள் சந்தைக்குப் போய் நாடெங்கும் சிதறிவிட்டன. அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று எரித்தார்கள். செல்வத்திலே குறைவா, கல்லூரியிலே குறைவா அந்த நாட்டுக்கு? பல ஆண்டுகளாகக் கோமாரியைக் காணாததால், டாக்டர்களுக்கே அது பழைய புத்தகத்துப் படமாகிவிட்டிருந்தது. பாடம் கற்றார்கள். 2007-ல் மறுபடி வந்தபோது, உறுதியான அன்றே நாடு முழுவதும் கால்நடைப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். எட்டே பண்ணைகளோடு நோய் அடங்கியது. கிருமி அதே கோமாரிதான். எதிர்த்து நின்றவர்களின் ஆயத்தம் வேறு.

அதற்குப் பிறகு ஐரோப்பியர் இன்னொன்றும் செய்தனர். கோமாரியைத் தடுப்பதற்காக 1954-ல் அவர்கள் அமைத்த கமிஷன் ஒன்று ரோம் நகரிலே இருக்கிறது. அது தன் டாக்டர்களைத் துருக்கிக்கும் கென்யாவுக்கும் நேபாளத்துக்கும் அனுப்பியது. எதற்கு? நோயைப் பார்க்க! நோயுற்ற மாட்டின் வாயைத் திறந்து, புண் எத்தனை நாளையது என்று கண்ணால் கணிக்க, தோட்டக்காரரிடம் விசாரிக்க, மாதிரி எடுக்க, காலணியைக் கழுவ. திரும்பியபின் சில நாள் எந்தப் பண்ணைக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

எண்ணிப் பாருங்கள்! அவர்கள் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கும் நோய், நமக்குப் பேருந்து ஏறும் தூரத்திலே இருக்கிறது. அவர்களுக்கு அது பயிற்சிக்கூடம். நமக்கு வெறும் இழப்பு. ஒரு தாலுகாவிலே நோய் கண்டால் அங்குள்ள டாக்டர் தனியே அல்லாடுகிறார். அடுத்த மாவட்டத்து இளம் டாக்டர்கள் பத்துப் பேரை அவரோடு அனுப்பி, அவர் செய்வதைக் காணவும் கற்கவும் செய்தால், அவருக்கும் கை கிடைக்கும், அவர்களுக்கும் கண் கிடைக்கும். அடுத்த ஆண்டு நோய் அவர்கள் ஊருக்கு வரும்போது திகைத்து நிற்க மாட்டார்கள்.

டாக்டர்கள் மீது குற்றம் சுமத்துவது நமது நோக்கமல்ல. 1976-ல் தேசிய விவசாயக் கமிஷன், ஐயாயிரம் கால்நடைக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்றது. இன்று ஒரே டாக்டர் தம் மருந்தகத்தோடு பக்கத்து ஊர் மருந்தகத்தையும் சேர்த்துப் பார்க்க நேர்வதைக் கிராமத்தார் அறிவர். காலையிலே சினை ஊசி, மதியம் இலவச ஆடு மாடு வழங்கும் பட்டியல், மாலையிலே தடுப்பூசிக் கணக்கைக் கணினியிலே ஏற்றுவது. ‘எத்தனை ஊசி போட்டாய்?’ என்று கேட்கும் மேலதிகாரி, ‘எத்தனை நோயைத் தேடிக் கண்டாய்?’ என்று கேட்பதுண்டா? கேட்காத வேலையை யார் செய்வார்? நோயைக் கண்டு சொன்னவருக்குப் பாராட்டுக்குப் பதில், ‘ஊசி போட்டும் ஏன் வந்தது?’ என்ற விளக்கக் கடிதம்தான் பரிசு என்றால், நோய் கோப்பிலே இருக்காது, ஊரிலே இருக்கும்.

டாக்டருக்கு அடுத்தபடி, மாட்டுக்காரர். 2009-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. தொற்றுநோய் கண்டதாகத் தோன்றினால் உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. சட்டம் சரி. ஆனால் இரண்டு கறவை மாட்டை வைத்து, சங்கத்துக்குப் பால் ஊற்றி, வாராவாரம் வரும் பணத்திலே பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் குழுக் கடனையும் கட்டுகிற ஒரு தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். நோய் என்று சொன்னால் பால் நிற்கும். பக்கத்துத் தோட்டக்காரர் முகம் சுளிப்பார். சந்தைக்கு ஓட்டக் கூடாது என்பார்கள். சொல்லாமல் விடியுமுன்னே சந்தைக்கு ஓட்டிவிட்டால் பாதி விலையாவது கைக்கு வரும். டாக்டர் வந்து கேட்கிறார். ‘ஒண்ணுமில்லீங்க டாக்டர், வெயில் பட்டிருக்குங்க’ என்கிறார் அந்த அம்மாள். அது பொய்யென்று கடிந்துகொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது? உண்மை சொன்னவருக்கு நாம் என்ன தருகிறோம்?

பறவைக் காய்ச்சலுக்காகக் கோழியை அழித்தால் இழப்பீடு தரும் ஏற்பாடு உண்டு. 2022-ல் தோல் கழலையால் மடிந்த மாடுகளுக்குக் கருநாடகமும் மராட்டியமும் இழப்பீடு அறிவித்தன. இப்படி ஆண்டுக்கு ஆண்டு, மாநிலத்துக்கு மாநிலம் மனம்போனபடி அறிவிப்பதாயிராமல், ‘முன்வந்து சொன்னால் இத்தனை நாளிலே இத்தனை ரூபாய்’ என்று நிலையாக ஒரு விதி இருந்தால், அந்த அம்மாளே டாக்டரின் முதல் ஒற்றராவார். டாக்டருக்குத் தரும் பயிற்சியிலே இதுவும் ஒரு பாடமாக வேண்டும்: அதட்டாமல் கேட்பது, கேட்டதை ஊரறியப் பறைசாற்றாமல் இருப்பது, ‘இன்று சொன்னால் மற்றொரு மாடு பிழைக்கும்’ என்று நம்பும்படி சொல்வது.

இவற்றுக்கெல்லாம் பொறுப்பு யார்? இந்திய அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலிலே 15-வது இனம்: கால்நடைச் செல்வத்தைப் பேணுவது, கால்நடை நோயைத் தடுப்பது, கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும். ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலத்துக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலிலே 29-வது இனம். அதாவது, பயிற்சி கோட்டையின் பொறுப்பு. எல்லையைக் காப்பது கோட்டையும் டில்லியும் சேர்ந்து சுமக்கும் பொறுப்பு. ஊசிக்கு டில்லி பணம் தருகிறது என்பதால், பயிற்சிக்கும் டில்லியையே பார்த்துக்கொண்டிருக்க மாநில சர்க்காருக்கு நியாயமில்லை. மாநிலத்தின் பொறுப்பு என்பதால், ஊசிப் பெட்டியை அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று டில்லி கைகழுவவும் இடமில்லை.

எனவே, நாம் கோருவது இவை:

முதலாவது, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், நீலகிரி மாவட்டங்களிலுள்ள ஒவ்வொரு கால்நடை டாக்டருக்கும் ஆண்டுதோறும் களப்பயிற்சி. நாமக்கல்லிலும் உடுமலையிலும் கல்லூரி இருக்கிறது. கட்டடம் கட்ட வேண்டியதில்லை. நோய் கண்ட இடத்துக்கே அழைத்துச் சென்று, திரும்பியபின் விலகியிருக்கும் ஒழுங்கோடு பயிற்சி தரவேண்டும். பயிற்சிக்குப் போனவர் இடத்திலே மாற்று டாக்டர் இருக்க வேண்டும். காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை. பொள்ளாச்சிச் சந்தையிலே நோய் கண்டதாக வைத்துக்கொண்டு, சந்தையை எப்படி மூடுவது, ஏற்றிய லாரியை எங்கே நிறுத்துவது, கேரள அதிகாரிகளுக்கு யார் தொலைபேசுவது என்று செய்து பார்க்க வேண்டும். தீயணைப்புப் படையினர் தீப்பிடிக்கக் காத்திருந்தா குழாய் பிடிக்கக் கற்கிறார்கள்? வாளையாற்றின் இருபுறத்து டாக்டர்களும் சேர்ந்து நடத்தும் ஒத்திகையாக அது இருக்கட்டும்.

மூன்றாவது, பயிற்சி டாக்டரோடு நிற்கக் கூடாது. கால்நடை ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர், பால் சங்கச் செயலாளர், மாட்டுத் தரகர், லாரி ஓட்டுநர் ஆகியோருக்கும் எளிய பாடம் வேண்டும். துண்டுக்கடியிலே விரல் பிடித்து விலை பேசும் தரகருக்குத் தெரியாத மாடு சந்தையிலே கிடையாது. அவரை ஒதுக்கிவிட்டு நோயைத் தேடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதாகும்.

நான்காவது, மாவட்டந்தோறுமுள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குப் பெயருக்கேற்ற வலிமை. மாதிரி போன அன்றே முடிவு திரும்பும் வசதி, ஊர்தி, ஆள். 1962 என்ற எண்ணுக்கு வரும் அழைப்புகளை ஒவ்வொரு நாளும் அந்தப் பிரிவு பார்க்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து மூன்று நாளில் ஐந்து அழைப்பு வந்தால் அது வைத்தியத்துக்கான அழைப்பு மட்டுமல்ல, அபாய மணி!

ஐந்தாவது, முன்வந்து சொன்னவருக்கு நிலையான, உடனடியான இழப்பீடு. முன்வந்து கண்டு சொன்ன டாக்டருக்குப் பாராட்டு.

இவற்றுக்கு ஆகும் செலவு, ஊசித் திட்டத்துக்கு ஒதுக்கிய ஆயிரக்கணக்கான கோடியின் பக்கத்திலே வைத்துப் பார்த்தால் சொற்பம். அந்தச் சொற்பத்தைச் செய்யாவிட்டால் அந்தக் கோடிகளும் பாதி வீண். வெக்கையை வென்ற நாடு இது. ஊசியோடு உழைப்பும், உழைப்போடு பயிற்சியும் சேர்ந்தபோது வென்றது. கோமாரியையும் அப்படித்தான் வெல்ல முடியும். அடுத்த மானியக் கோரிக்கையிலே கால்நடைத் துறையின் கணக்கை வாசிக்கும்போது, எத்தனை கோடி ஊசி என்பதோடு, எத்தனை டாக்டர்கள் களத்திலே பயிற்சி பெற்றனர், எத்தனை சந்தைகளில் ஒத்திகை நடந்தது என்ற இரண்டு எண்களையும் அமைச்சர் அவையிலே வாசிக்கட்டும். வாசிக்க எண் இல்லையென்றால், ஏன் இல்லை என்று சட்டமன்றத்திலே கொங்கு நாட்டு உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராயினும், எழுந்து கேட்கட்டும்!